பட்டா என்னும் சொல்

சர்க்கார் கச்சேரியில் பிறந்து ஊர்ப்புறத்துத் திண்ணை வரைக்கும் வந்து குடியேறிய சொற்கள் தமிழில் பல உண்டு. அவற்றுள் எழுத்தறியாத மூதாட்டியும் பொருள் பிசகாமல் வழங்குகின்ற சொல் எதுவென்று கேட்டால், ‘பட்டா’ என்றே விடை சொல்ல வேண்டும். ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறவனை, ‘இந்த இடம் என்ன, உன் பேரில் பட்டாவா?’ என்று கேட்கிறோம். பிறர் பொருளைத் தன்னதென்று கொண்டாடுகிறவனைப் பற்றி, ‘பட்டா போட்டுக்கொண்டான்’ என்று பேசுகிறோம். சர்க்காரின் காகிதம் ஒன்றின் பெயர் இவ்வாறு மக்களின் வாய்வழக்கில் ஊறிப்போயிருக்கிறதென்றால், அந்தக் காகிதம் அவர்களுடைய வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்க வேண்டும், அதற்காக அவர்கள் எத்தனை தலைமுறையாக நடந்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அச்சொல் எங்கிருந்து வந்தது, அது குறித்த பொருள் காலந்தோறும் எவ்வாறு மாறியது, அந்த மாற்றத்தில் குடியானவனுக்கும் அதிகாரிக்கும் இடையிலுள்ள உறவு எவ்வாறு தலைகீழாயிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று நம் கையில் கிடைக்கும் பட்டாவை முதலில் ஊன்றிப் பார்ப்போம். தாளின் தலைப்பில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண் ஆகியவை இருக்கும். அதன்கீழ் உரிமையாளரின் பெயர், இன்னார் மகன் இன்னார் என்றோ இன்னார் மனைவி இன்னார் என்றோ ஓர் உறவைச் சார்த்தி எழுதப்பட்டிருக்கும். பிறகு கட்டங்கள் வரும்: புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், மற்றவை; பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும், தீர்வை ரூபாயிலும் பைசாவிலும். ஊரார் வாயில் நிலம் இன்னும் ஏக்கராகவும் சென்டாகவும், தஞ்சைப் பக்கத்தில் மாவாகவும் குழியாகவுமே வழங்குவதால், தாத்தா ஓர் ஏக்கர் என்று சொல்லி விட்டுப்போன நிலம் இந்தத் தாளில் ஏறக்குறைய நாற்பதரை ஏர் என்று நிற்கக் காணும் பேரன், ஒரு கணம் திகைத்துத்தான் போகிறான். கடைசிக் கட்டமாகிய குறிப்புரையில், எந்த உத்தரவின்படி எந்த நாளில் இந்தப் பெயர் ஏறிற்று என்ற விவரம் இருக்கும். நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், என்ன விலை, எந்தச் சொத்து எந்த வழியில் வந்தது என்பன பற்றி இந்தத் தாளில் ஓர் எழுத்தும் இராது. இந்த நிலத்துக்குச் சர்க்காரின் கணக்கில் பொறுப்பானவர் இவர், பரப்பு இவ்வளவு, தீர்வை இவ்வளவு என்ற மூன்றே செய்திகளைத்தான் அது கூறுகிறது. இம்மூன்றையும் நினைவில் கொண்டால் சொல்லின் வரலாறு எளிதில் விளங்கும்.

வடமொழியில் ‘பட்ட’ என்பது பலகை, தகடு, நீண்ட துணி, தலைப்பாகை, நெற்றியிற் கட்டும் பொன்தகடு முதலிய பல பொருள்களைத் தரும். தட்டையாக நீண்டிருக்கும் ஒன்று என்பதே இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து. எழுதுவதற்கு உரிய தகடு என்ற பொருளிலிருந்து அத்தகட்டில் எழுதப்பட்ட அரச சாசனம் என்ற பொருள் கிளைத்தது. நிலத்தைத் தானமாக வழங்கும் அரசன் அதனைத் துணியிலோ செப்புத் தகட்டிலோ எழுதுவித்து, தன் முத்திரையை அதில் இடுவிக்க வேண்டும் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கின்றது. அவ்வாறு எழுதுவது யாருடைய பொருட்டு என்பதையும் அந்நூல் சொல்லத் தவறவில்லை. இனி வரப்போகின்ற நல்லரசர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டே அது எழுதப்பட வேண்டுமாம். தானம் பெற்றவன் தன் உரிமையை நிரூபிப்பதற்காகச் சுமந்து திரிய வேண்டிய பாரமாக அந்தத் தகடு கருதப்படவில்லை. கொடுத்த அதிகாரம் தன்னையும் தன் பின்னோரையும் கட்டுப்படுத்திக்கொள்வதற்குத் தானே எழுதிக்கொடுத்த வாக்காகவே அது கருதப்பட்டது.

இச்சொல் தமிழுக்கு இரண்டு வழிகளில் வந்தது. நேரே வடமொழியிலிருந்து வந்த பழைய வழியில், யானையின் நெற்றியிலும் அரசன் நெற்றியிலும் விளங்கிய ‘பட்டம்’, அதிலிருந்து பெருமையைக் குறிக்கும் பட்டப்பெயர், செப்பேட்டைக் குறிக்கும் ‘பட்டயம்’, அரசாணை எழுதிய ஏட்டைக் குறிக்கும் ‘பட்டோலை’ முதலியன நமக்குக் கிடைத்தன. பின்னர், ஹிந்துஸ்தானி மொழியில் சாகுபடிக்கு நிலத்தை விடும் சீட்டு என்ற பொருளில் வழங்கிய ‘பட்டா’ என்ற வடிவம், இறுதி நெடிலோடு, வருவாய்த்துறையின் வழியே மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வந்தது. பட்டயமும் பட்டாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது செம்பில் எழுதப்பட்டுக் கோயிலிலும் மடத்திலும் தங்கிற்று, இளையது காகிதத்தில் எழுதப்பட்டுக் குடியானவனின் ஓலைப்பெட்டிக்குள் புகுந்தது.

மூத்ததன் நடைமுறை எவ்வாறு இருந்தது என்பதற்குச் சோழர் செப்பேடுகளே சான்று. முதல் இராஜராஜன், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். அவன் மறைந்த பின்னர் மகன் இராஜேந்திரன் அதனைச் செம்பில் பொறிப்பித்தான். பிற்காலத்தில் ஹாலந்து தேசத்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற அவ்வேடுகள் இருபத்தொன்று. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுதிக்கொண்ட திருமந்திர ஓலை அதிகாரி, அதனைச் சரிபார்த்த ஓலை நாயகங்கள், வரிப்பொத்தகத்தில் பதிவு செய்த புரவுவரித் திணைக்களத்தார் என்று ஒவ்வொரு படியிலும் பொறுப்பேற்றவர் இன்னார் என்பது பெயரோடு அச்சாசனத்தில் காணப்படுகிறது. ஆணை ஊருக்கு வந்ததும் நாட்டார் அதனைத் தலைமேல் வைத்து ஏற்று, பெண்யானை ஒன்றை எல்லை நெடுக நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டு, ஊரறிய எல்லையை நிறுத்தினார்கள். அரசனது ஆணையை நிறைவேற்றி, எல்லையைக் காட்டி, கணக்கில் ஏற்றி, கையொப்பமிட்டு ஒப்படைக்கும் பிரயாசை முழுவதும் அதிகாரிகளுடையதாகவும் நாட்டாருடையதாகவும் இருந்தது. பெற்றவர் பெற்றுக்கொண்டார், அவ்வளவே.

எழுத்தின் மேல் தமிழருக்கு இருந்த மதிப்பைப் பெரியபுராணமும் காட்டும். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலில் வந்து நின்ற முதிய வேதியர் அவரைத் தம் அடிமையென்று சாதித்து ஓலை ஒன்றைக் காட்ட, நாயனார் அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடமே உள்ளது என்று முதியவர் கூறவே, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. பாட்டனார் கைச்சாத்திட்ட வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பிறகே அவையத்தார் தீர்ப்பளிக்கிறார்கள். படி, மூலம், ஒப்புநோக்கல், பாதுகாப்பு என்ற நான்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியபோதே மக்கள் நன்கறிந்தவை. இங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடுவதற்குரிய ஓலையைக் கொண்டு வருக என்று இளைஞரான சுந்தரரை ஊர் ஊராக அவை அனுப்பவில்லை. காப்பில் இருந்த ஏட்டைத் தானே வருவித்துப் பார்த்தது.

பிற்காலத்தில் மராட்டியர், ஆர்க்காட்டு நவாபுகள் முதலியோரின் ஆட்சியில் வரிவசூல் நடந்தபோது, பாரசீகமும் அரபும் கலந்த ஒரு புதிய பாஷை நம் கணக்குகளில் படிந்தது. தாலுகா, ஜில்லா, பிர்க்கா, கிஸ்தி, பசலி, ஜமாபந்தி, தாசில்தார் என்பன அவ்வழியே வந்தவை. சிட்டாவும் வடக்கிலிருந்து வந்ததே. இவற்றோடு அடங்கல், புறம்போக்கு, நத்தம், நன்செய், புன்செய் முதலிய நம் சொற்களும் அதே கணக்கில் அருகருகே அமர்ந்தன. ‘பட்டாதாரர்’ என்ற ஒரு சொல்லில் வடமொழிப் பட்டமும், பாரசீகத் தார் விகுதியும், தமிழின் அர் விகுதியும் ஒன்றாய்க் கூடியிருப்பதைக் காணலாம். அக்காலத்தில் பட்டா தனித்து வழங்கியதில்லை; அதற்கு ‘முச்சலிக்கா’ என்னும் துணை ஒன்று உண்டு. துருக்கி மொழியிலிருந்து வந்த இச்சொல், குடியானவன் எழுதிக்கொடுக்கும் எதிர்ச்சீட்டைக் குறிக்கும். நிலத்தை விடுகிறவர் பட்டா எழுதிக் கொடுப்பார். இவ்வளவு தீர்வையை இன்ன தவணையில் செலுத்துவேன் என்று பெறுகிறவர் முச்சலிக்கா எழுதிக் கொடுப்பார். இரண்டு பக்கத்தாரும் கட்டுப்பட்டார்கள். இன்று முச்சலிக்கா என்ற சொல்லை வயது முதிர்ந்த பத்திர எழுத்தர்கள் சிலரைத் தவிர யாரும் அறியார். பட்டா மட்டும் தன் துணையை இழந்து தனியே நிற்கிறது.

கும்பெனியார் ஆட்சியில்தான் பட்டா குடியானவனின் வீட்டுக்குள் புகுந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்து உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியின் கைக்கு வந்ததும், காப்டன் ரீடு என்பவரும் அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட தாமஸ் மன்றோ முதலியவர்களும் அந்தச் சீமையின் நிலங்களை அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேரே தீர்வை பேசிக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். மன்றோ 1820-ல் சென்னைக் கவர்னராக வந்தபோது அதுவே மாகாணத்தின் பொதுவான முறையாக நிலைபெற்றது. அந்த முறையின் உயிர்நிலை பட்டா. ஆண்டுதோறும் ஜமாபந்தி என்னும் கணக்குத் தணிக்கையில் குடியானவனுடைய நிலங்களும் அவற்றின் தீர்வையும் கணக்கிடப்பட்டு, அவன் பெயருக்குப் பட்டா எழுதித் தரப்படும். நீ கொடுக்க வேண்டியது இவ்வளவே, இதற்கு மேல் கணக்குப்பிள்ளையோ சேவகனோ கேட்டால் கொடாதே என்பதுதான் அந்தச் சீட்டின் உட்பொருள். ஜமீன் நிலங்களிலும் இதே கொள்கையைப் புகுத்துவதற்கு 1802-லேயே ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1865-ஆம் ஆண்டின் எட்டாவது சட்டம், பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ளாத, அல்லது பட்டாவைக் கொடுக்கவேனும் முன்வராத நிலச்சுவான்தார் வாரத்துக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று தெளிவாகக் கூறியது. சீட்டுக் கொடாதவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்பது அக்காலத்துச் சட்டம் ஒப்புக்கொண்ட நியாயம்.

கொள்கை இவ்வாறு இருந்ததே தவிர, காரியம் வேறாக நடந்ததையும் மறைப்பதற்கில்லை. தீர்வை கனத்திருந்தது, வசூலிப்பவன் கை நீண்டிருந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற செய்தி லண்டன் பார்லிமெண்டு வரை எட்டி, 1855-ல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. கால் விரலைக் கழுத்தோடு பிணைத்து வெயிலில் குனிய வைக்கும் ‘அண்ணந்தாள்’, விரல்களை இரண்டு கட்டைகளுக்கிடையே இறுக்கும் ‘கிட்டி’ ஆகிய கொடுமைகள் அதில் பதிவாயின. அந்த அறிக்கையின் பக்கங்களில் என் மனத்தைப் பெரிதும் வருத்துவது வேறொன்று. துன்புற்றவன் பரிகாரம் தேடிப் போவதிலுள்ள தொலைவும் செலவும் தாமதமும் அவனை மேலும் அழித்தன என்பதைக் கமிஷனர்களே உணர்ந்து எழுதியிருக்கிறார்கள். உடலை வதைக்கும் கிட்டி ஒழிந்தது. முறையிடச் செல்பவனின் நாளையும் பொருளையும் உண்ணும் தாமதம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

பட்டா யாருக்குக் கிடைத்தது என்பதோடு யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றின் பகுதியேயாகும். தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு மனுச்செய்வதற்குத் ‘தர்க்காஸ்து’ என்று பெயர். செங்கல்பட்டு ஜில்லாவில் தர்க்காஸ்து கொடுக்கும்போது மிராசுதார்களுக்கே முன்னுரிமை இருந்ததால், நிலத்தில் இறங்கி உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் அவர்களுடைய நிலையை விரிவாக எழுதி அனுப்பியதன் பயனாக, 1892-ல் சென்னை அரசாங்கம் அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று வழங்குவது அதுவே. பிறர் கைக்குப் போய்விடக்கூடாதென்று, முதற் பத்தாண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதன் பின்னரும் அதே வகுப்பாருக்கன்றி விற்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அப்பட்டாக்கள் வழங்கப்பட்டன. நிபந்தனையைக் காக்க வேண்டிய கணக்கு கண்மூடியிருந்தமையால் அந்நிலங்களில் எவ்வளவோ பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்பதற்கான போராட்டத்தில் 1994-ல் காரணைக் கிராமத்து நிலம் தொடர்பாக உயிர்ப்பலியும் நேர்ந்தது. எழுதிக் கொடுத்த வாக்கைக் கொடுத்தவரே காவாதபோது என்ன நேரும் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்களும், 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களால் எஞ்சிய இனாம்களும் ஒழிந்து, அந்நிலத்துக் குடிகளுக்கும் ரயத்துவாரிப் பட்டா கிடைக்க வழி ஏற்பட்டது. 1980 நவம்பரில், தலைமுறை தலைமுறையாக ஊர்க்கணக்கைத் தம் வீட்டுப் பெட்டியில் வைத்து ஆண்ட கர்ணம், மணியக்காரர் பதவிகள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவி உண்டாயிற்று. அதே காலத்தில், 1979 முதல் 1987 வரையில், நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் ஒன்று நடந்தது. மக்கள் அதனை ‘யு.டி.ஆர்.’ என்ற மூன்று எழுத்தால் இன்றும் குறிப்பிடுகிறார்கள். பழைய அளவுகள் ஹெக்டேராக மாறின. அனுபவத்திலிருந்தவர் பெயர்கள் ஏறின. நோக்கம் உயர்ந்தது, ஆயினும் அவ்வளவு பெரிய பணியில் பிழைகளும் ஏறின. அண்ணன் பெயரில் தம்பியின் புலம், உட்பிரிவு ஒன்றில் இன்னொன்றின் பரப்பு, பட்டா நிலத்துக்கெதிரே புறம்போக்கு என்ற குறிப்பு என இவ்வாறான தவறுகள் அன்று பேனாவால் எழுதப்பட்டு, பின்னர் கணினிக்குள்ளும் அப்படியே ஏற்றப்பட்டன.

பட்டாவின் குடும்பமும் இதற்குள் பெருகிவிட்டது. ஒருவர் பெயரில் மட்டும் இருப்பது தனிப்பட்டா. பலர் பெயரில் பிரியாமல் கிடப்பது கூட்டுப்பட்டா. நத்தம் நில அளவையில் முதலில் தரப்பட்டது தோராயப் பட்டா, விசாரணை முடிந்து உறுதியானது தூய பட்டா. புறம்போக்கில் நின்ற மரத்தின் பலனை அனுபவிப்பதற்கு ‘டூ-சி’ பட்டா. வீடற்றவர்க்கு இலவச வீட்டுமனைப் பட்டா. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வரிசை மக்கள் மனுவோடு நிற்கிறார்கள்.

அவர்களுள் ஒருவருடைய வழியை மட்டும் அருகில் சென்று காண்போம். கூட்டுப்பட்டாவில் உள்ள ஒரு புலத்தில் தகப்பனாருக்குரிய பாகம் முப்பது சென்ட், தகப்பனார் காலமாகிவிட்டார், மகள் அதனைத் தன் பெயருக்கு மாற்றி உட்பிரிவு செய்ய விரும்புகிறாள். இறப்புச் சான்று வேண்டும் என்கிறார்கள். அது பிறப்பு இறப்புப் பதிவாளர் தருவது. வாரிசுச் சான்று வேண்டும். அது தாசில்தார் தருவது. மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேண்டும். அவை சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைப்பவை. ‘அ’ பதிவேட்டின் நகலும் புலப்படமும் வேண்டும். அவையும் வருவாய்த்துறையும் நில அளவைத்துறையும் தம் வசம் வைத்திருப்பவை. ஆக, அவள் சேர்த்துக் கொண்டு வரவேண்டிய காகிதங்களில் ஒன்றுகூட அவளுடைய காகிதம் அன்று, அனைத்தும் சர்க்காருடையவை. தாசில்தார் கையொப்பமிட்ட வாரிசுச் சான்றைத் தாசில்தாரிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பத்திரத்தில் தகப்பனார் பெயர் முன்னெழுத்தோடும், பட்டாவில் அதே பெயர் சாதிப்பட்டத்தோடும், இறப்புச் சான்றில் வேறோர் எழுத்துக்கூட்டலோடும் இருக்குமாயின், மூவரும் ஒருவரே என்பதற்கு மற்றொரு சான்று தேட வேண்டும். அந்த மூன்று எழுத்தையும் எழுதியவர்கள் மூன்று அலுவலக எழுத்தர்கள். வேறுபாட்டுக்கு விடை சொல்ல வேண்டியவளோ அவள்.

பிறகு நில அளவர் வரவேண்டும். உட்பிரிவுக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது. அவருக்கோ பல ஊர்களின் மனுக்கள் குவிந்திருக்கின்றன. அவர் வருகின்ற நாளில் பக்கத்துப் புலத்துக்காரர் ஊரில் இல்லை. அவர் இருக்கின்ற நாளில் பயிர் நிற்கிறது. அல்லது பழைய எல்லைக்கல்லைக் காணவில்லை. கல்லைக் காப்பது யார் கடமை என்று ஒருவரும் கேட்பதில்லை. மாதங்கள் கழிந்து, ‘ஆவணங்கள் போதியதாக இல்லை’ என்ற ஒற்றை வரியோடு மனு தள்ளுபடியாகிறது. எந்த ஆவணம், ஏன் போதாது என்ற விளக்கம் அந்த வரியில் இல்லை. மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடம். அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம். உரிமை பற்றிய தகராறு என்று எவரேனும் ஒரு சொல் சொல்லிவிட்டால், உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுக என்ற பதில். சோழன் காலத்தில் அதிகாரிகளும் நாட்டாரும் யானையோடு சுற்றிவந்த எல்லையை, இன்று பெட்டியும் பையுமாக ஒரு பெண் தனியே சுற்றி வருகிறாள்.

இந்த அலைச்சலுக்கு அடிப்படையான காரணம் ஒன்றை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். பட்டா என்பது வருவாய்க் கணக்கில் உள்ள பதிவே ஒழிய உரிமையை உண்டாக்கும் ஆவணமன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன. உரிமை பிறப்பது கிரயப் பத்திரத்தாலும் பாகப் பத்திரத்தாலும் வாரிசு முறையாலும். பத்திரத்தைப் பதிவது பதிவுத்துறை. பட்டாவை எழுதுவது வருவாய்த்துறை. ஒரே துண்டு நிலத்தைப் பற்றி இரண்டு கச்சேரிகள் இரண்டு கணக்குகளை வைத்துக்கொண்டிருக்க, இரண்டும் பொருந்துமாறு செய்யும் பாரம் நெடுங்காலமாகக் குடிமகன் தலையில் இருந்து வந்தது. உரிமைக்கு ஆதாரமன்று என்று சட்டம் கூறும் இந்தத் தாளைத்தான் வங்கி கடனுக்குக் கேட்கிறது. மின்வாரியம் இணைப்புக்குக் கேட்கிறது. வாங்குகிறவன் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறான். சட்டத்தின் கண்ணில் சிறியதாக இருக்கும் காகிதம் வாழ்க்கையின் கண்ணில் பெரியதாக இருப்பதே மக்கள் படும் துன்பத்துக்குக் காரணம்.

நிலைமை சீர்படவேயில்லை என்று சொல்வது நேர்மையாகாது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் குறித்தால், கட்டணமின்றிப் பட்டா நகல் கிடைக்கிறது. ஒரு காலத்தில் அதே நகலுக்காகக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளங்கையில் அதனைப் பார்க்கிறார்கள். உட்பிரிவு தேவைப்படாத முழுப் புலத்தைப் பட்டாதாரரே விற்கும்போது, பத்திரம் பதிவானதும் பட்டாவும் தானே மாறுகின்ற ஏற்பாடு வந்திருக்கிறது. இவை போற்றத்தக்கவை. பட்டாவின் பழைய தர்மம் இவற்றில் ஓரளவு மீண்டிருக்கிறது. கேட்கிறவனை அலைக்கழிக்காமல் கணக்கு தன் கடமையைத் தானே செய்கிறது.

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் பசலி எனப்படும் வருவாய் ஆண்டு முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய்த் தீர்வாயம் என்று இன்று அதற்குத் தமிழ்ப்பெயர். உயர் அதிகாரி ஒருவர் வந்தமர்ந்து, பிர்க்கா பிர்க்காவாக ஊர்க்கணக்குகளைத் தணிக்கை செய்கிறார். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட முன்னால் விரிக்கச் செய்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அளக்கும் கருவியின் நேர்மையைக் குடிகள் முன்னிலையில் சோதிக்கும் இந்த வழக்கம் மிக உயர்ந்தது. ஜமாபந்தி என்பது மக்கள் அதிகாரிகளிடம் கணக்குக் கொடுக்கும் நாள் மட்டுமன்று. அதிகாரிகள் தங்கள் கணக்கை மக்கள் முன்னே விரித்துக் காட்ட வேண்டிய நாளுமாகும். அந்த நாளில் மனுக்களை வாங்கிக் குவிப்பதோடு நிற்காமல், போன பசலியில் வாங்கியவை என்னாயின என்பதையும் படித்துக் காட்டினால், அந்தச் சடங்கு தன் பொருளைப் பெறும்.

சொல்லின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: பட்டா என்பது குடிமகன் கெஞ்சிப் பெறும் வரம் அன்று, அரசு குடிமகனுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கு. வாக்கைக் கொடுத்தவர்தாம் அதன் உண்மைக்குப் பொறுப்பாளி. ஆதலால் மூன்று காரியங்களை அரசு உடனே செய்யவேண்டும். தன்னிடமே உள்ள காகிதத்தை, தன் கிளை ஒன்று கொடுத்த சான்றை, மனுதாரரிடம் கேட்பதை அது நிறுத்த வேண்டும். மனுவைத் தள்ளும்போது காரணத்தை முழுமையாக, குடியானவனுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1987-க்கு முன் நேர்ந்த பதிவுப் பிழைகளை, பாதிக்கப்பட்டவர் வரட்டும் என்று காத்திராமல், ஊர் ஊராகச் சென்று தானே திருத்த வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பாட்டனார் பெயரில் நிற்கும் பட்டாவை, பாகப்பிரிவினை சுமுகமாக இருக்கும்போதே உங்கள் பெயர்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டுப்பட்டாவைப் பிரியுங்கள், பெண்மக்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே நகலை எடுத்துப் பெயர், புல எண், பரப்பு என்ற மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அடுத்த ஜமாபந்தியில் எழுத்தால் முறையிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, பதிலும் எழுத்திலேயே வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை; எழுதித் தருவது அவர்கள் கடமை.